கார்டைக் குத்தினால் படம் தன்பாட்டுக்கு உள்ளே போக வேண்டும்: உப்புவெளியில் ஒரு யூடெவ் வேலை

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் டைவிங் கூட்டிப்போகும் ஓர் இடத்துக்காகச் செய்த வேலை இது. மே மாதம் கடல் அடங்கினால் செப்டம்பர் முடியும் வரை அங்கே ஓயாத வேலை. ஒரு படகு புறாத்தீவுப் பக்கம் போகும், இன்னொன்று கோணேசர் மலையடிக்குப் போகும். திரும்பும் ஒவ்வொரு படகிலும் மூன்று நான்கு மெமரி கார்டுகள் வரும். கோப்ரோவின் சின்னக் கார்டுகள் சில, நீர்புகாப் பெட்டிக்குள் வைத்த கமராக்களின் பெரிய கார்டுகள் சில. அவற்றை லப்டொப்பில் போட்டு, கோப்புறையைத் திறந்து, இழுத்து விட்டு, முடியும் வரை காத்திருந்து, பிறகு கமராவில் வைத்து அழிப்பார்கள். அடுத்த படகுக்கு அவசரம் என்றால் கொப்பி முடிய முன்பே கார்ட் கழன்றுவிடும். தூர தேசத்திலிருந்து வந்து முதன்முதலாகச் சுறாவைப் பார்த்த ஒருவரின் படம் அப்படிப் போனால், திரும்ப எடுத்துக் கொடுக்க வழியே இல்லை.

இடத்துக்காரர் என்னிடம் கேட்டது நேரடியான கேள்வி. "தம்பி, கார்டைக் குத்தினா படம் தன்பாட்டுக்கு உள்ள போக வேணும். எங்கட பெடியள் ஈரக் கையோட மவுஸைப் பிடிக்கிறாங்கள்."

"குத்துறது லேசு அண்ணா. எப்ப கழட்டலாம் எண்டு அவங்களுக்குச் சொல்லுறதுதான் யோசிக்க வேண்டிய விசயம்."

வேலை முழுக்க அந்தப் பதிலைச் சுற்றித்தான் போனது. சாதனத்தைச் செருகியதும் ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) ஓட வைப்பது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கழற்றும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கார்டில் இருப்பது மற்றவர்களின் படம் என்றால் அந்தப் பாதிதான் முக்கியம்.

எடுத்த பொருட்கள் எளியவை. பழைய சின்ன அலுவலகக் கணினி ஒன்று, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், டெஸ்க்டொப் எதுவும் போடாமல். பெரிய கார்டுக்கு ஒரு துளையும் சின்னக் கார்டுக்கு ஒரு துளையும் உள்ள யூஎஸ்பி 3 கார்ட் ரீடர். 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க். நிரல் எழுதி விளக்கு போன்றவற்றை இயக்கக்கூடிய அர்டுயினோ நானோ வகைச் சின்னச் சுற்றுப் பலகை (போர்ட்) ஒன்றும் நான்கு எல்ஈடி விளக்குகளும். விளக்கு எதற்கு என்றால், சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கொம்பிரஸர் பக்கத்திலேயே ஓடுகிறது. அந்த இரைச்சலில் எந்த ஒலியும் காதில் ஏறாது. மொனிட்டரைப் பார்க்கச் சொன்னாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு சிவப்பு, ஒரு பச்சை. பச்சை எரிந்தால் மட்டும் கழற்று. பெடியளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அவ்வளவுதான்.

லினக்ஸில் சாதனம் வருவதையும் போவதையும் கவனிப்பது யூடெவ். 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கிய வேலை அது; 2012இல் சிஸ்டம்டியோடு, அதாவது லினக்ஸில் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் வேலைகளை) தொடங்கி நிறுத்தும் மென்பொருளோடு, சேர்ந்துவிட்டது. சாதனம் வந்ததும் கர்னல், அதாவது லினக்ஸின் கரு, ஒரு செய்தி அனுப்பும். யூடெவ் அதைப் பிடித்து, தன்னிடம் உள்ள விதிக் கோப்புகளை வரிசையாகப் பார்த்து, பொருந்துகிற விதி சொல்வதைச் செய்யும். நம்முடைய விதிகளை ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறைக்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற கோப்புறையில் வைக்க வேண்டும். கோப்பின் பெயர் எண்ணில் தொடங்குவது வழக்கம். அந்த எண்தான் முறை வரும் வரிசையைத் தீர்மானிக்கிறது. எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதல்ல. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கார்டில் என்ன கோப்பு முறைமை இருக்கிறது, அதன் அடையாள எண் என்ன என்பதைக் கண்டுபிடித்து எழுதுவது 60 என்று தொடங்கும் விதிக் கோப்பு. நம்முடையது 50 என்று தொடங்கினால் அந்த விவரங்கள் எழுதப்படும் முன்பே அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும். என் கோப்புக்கு 90 கொடுத்தேன்.

விதி எழுதுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பது நல்லது. யூடெவ்அட்ம் கட்டளையை மொனிட்டர் என்ற சொல்லோடு ஓட விட்டு, ப்ராப்பர்ட்டி என்ற தெரிவையும் சேர்த்தால், ஒவ்வொரு நிகழ்வும் இரண்டு முறை வரும். முதலில் கர்னல் சொன்னபடி, பிறகு யூடெவ் தன் விதிகளை முடித்த பின். இரண்டுக்கும் நேரம் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்த இடைவெளி நீண்டிருந்தால் ஏதோ ஒரு விதி இழுத்தடிக்கிறது என்று அர்த்தம்.

ரீடரைக் கணினியில் செருகினால் நிகழ்வுகள் வரிசை கட்டி வரும். யூஎஸ்பி சாதனம் ஒன்று, அதன் இன்டர்ஃபேஸ் ஒன்று, ஸ்கஸி ஹோஸ்ட் ஒன்று, பிறகு ஒவ்வொரு துளைக்கும் ஒரு டிஸ்க். "யூஎஸ்பியில் ஏதாவது வந்தால் ஓடு" என்று மொட்டையாக விதி எழுதினால் ஒரே செருகலுக்கு ஸ்கிரிப்ட் பலமுறை ஓடும் என்பது இதைப் பார்த்தாலே புரியும். இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ரீடர் எப்போதும் கணினியிலேயே இருக்கும், கார்ட் மட்டுந்தான் வந்து போகும். அப்படிக் கார்டைப் போடும்போது யூஎஸ்பி அளவில் எந்த நிகழ்வும் வராது. டிஸ்க்குக்கு "சேஞ்ச்" என்று ஒன்று வரும்; அதன் பிறகு பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்குக்குள் கோப்புகள் இருக்கும் பிரிவு) "ஆட்" என்று ஒன்று வரும். ஆகவே பார்ட்டிஷனைத்தான் பிடிக்க வேண்டும். கார்ட் போட்டதும் உடனே எதுவும் நடக்காவிட்டால் பதற வேண்டாம். கழற்றக்கூடிய ஊடகங்களைக் கர்னல் அவ்வப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. வழக்கமான இடைவெளி 2 வினாடி.

அடுத்தது எதை வைத்து அடையாளம் காண்பது. பெரும்பாலான செய்முறைகள் யூயூஐடி என்ற எண்ணைப் பிடிக்கச் சொல்லும். நிலையான ஹார்ட் டிஸ்க்குக்கு அது சரி. கமரா கார்டுக்குப் பொருந்தாது. ஃபாட் வகைக் கோப்பு முறைமையில் அந்த அடையாளம் நடுவில் கோடு போட்ட எட்டு எழுத்துகள்தான். ஃபோர்மாட் செய்யும்போதெல்லாம் புதிதாக எழுதப்படும். இங்கே ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு கமராவிலேயே கார்டை ஃபோர்மாட் செய்கிறார்கள். இன்று பிடித்த எண் நாளைக்கு இருக்காது.

யோசித்துப் பார்த்தால் இந்தக் குணம் எங்களுக்கு வசதியாகவே இருந்தது. ஒரு ஃபோர்மாட்டுக்கு ஓர் எண் என்றால், ஒரு பயணத்தில் ஒரு கமராவுக்கு ஓர் எண். படங்களைப் போடும் கோப்புறைக்கு அந்த எண்ணையே பெயராக வைக்கலாம். கமராக்கள் எல்லாம் கோப்புக்கு ஒரே மாதிரிப் பெயர்தான் வைக்கும். நாலு இலக்க எண் 9999க்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு கமராவின் 0001ஆம் படம் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இருக்க இந்தக் கோப்புறைப் பெயர் காப்பாற்றுகிறது. தேதி முன்னால், அடையாள எண் பின்னால். அதே எண்ணில் முடியும் கோப்புறை ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் புதிதாக ஒன்றைத் திறக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். ஒரே கார்டை இரண்டு தடவை குத்தினாலும் படம் இரட்டிப்பாகாது.

சரி, கார்டைப் பிடிக்க முடியாது என்றால் எதைப் பிடிப்பது? துளையைத்தான். யூடெவ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஐடி பாத் என்று ஒன்றை எழுதி வைக்கிறது. கணினியின் எந்த யூஎஸ்பி வாய், ரீடரில் எத்தனையாவது துளை என்பது வரை அதில் இருக்கும். துளை இரண்டானால் கடைசி எண் மட்டும் 0, 1 என்று மாறும். சின்னக் கார்டின் துளைக்கு எந்த விளக்கு, பெரிய கார்டின் துளைக்கு எந்த விளக்கு என்பதும் இந்தக் கடைசி எண்ணிலேயே தீர்ந்தது. டிஸ்க்குகளுக்கு எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்களை நம்பவே கூடாது. வரிசை மாறினால் பெயரும் மாறும்.

என் விதியை இங்கே பேச்சுத் தமிழில் விரித்தால் இப்படி வரும். கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒரே வரியில், காற்புள்ளி போட்டுப் பிரித்து எழுத வேண்டும். நிகழ்வு "ஆட்" ஆக இருக்க வேண்டும். சப்சிஸ்டம் "பிளாக்". டெவ்டைப் "பார்ட்டிஷன்". ஐடி பாத் எங்கள் ரீடரின் பாதையோடு தொடங்க வேண்டும். கோப்பு முறைமை விஃபாட் அல்லது எக்ஸ்ஃபாட். இவ்வளவும் பொருந்தினால் சாதனத்துக்கு "சிஸ்டம்டி" என்ற டேக்கை ஒட்டு. சிஸ்டம்டி வான்ட்ஸ் என்ற மாறியில் எங்கள் சர்வீஸின் பெயரைச் சேர். பொருத்திப் பார்க்க இரண்டு சமக்குறி, மதிப்பு வைக்க ஒரு சமக்குறி, ஏற்கெனவே உள்ளதோடு சேர்க்கக் கூட்டல் குறியும் சமக்குறியும். பொருத்த வேண்டிய இடத்தில் ஒரு சமக்குறி போய்விட்டால், அந்தப் பகுதி எதையும் வடிகட்டாது. வேண்டாத சாதனங்களுக்கும் விதி ஓடக்கூடும். யூடெவ் விதிகளில் ஏதாவது விசித்திரமாக நடந்தால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது சமக்குறிகளை.

எக்ஸ்ஃபாட்டைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 32 ஜிபி வரையான கார்டுகள் ஃபாட்32இல் வரும், அதற்கு மேலே உள்ளவை எக்ஸ்ஃபாட்டில். கோப்ரோவில் 64 ஜிபி போட்டிருக்கிறார்கள். கர்னல் 5.7 முதல் எக்ஸ்ஃபாட்டுக்கான முறையான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. தனியாக ஒன்றும் நிறுவத் தேவையில்லை.

விதியிலேயே "ரன்" என்று எழுதி நேராக ஸ்கிரிப்டை ஓட விடலாமே என்று கேட்கலாம். நிறைய இடங்களில் அப்படித்தான் காட்டியிருப்பார்கள். சின்ன வேலைக்கு அது போதும்: ஒரு பதிவில் ஒரு வரி எழுத, ஒரு விளக்கை ஏற்ற. கொப்பி வேலைக்கு ஆகாது. 64 ஜிபி கார்ட் நிறைந்திருந்து ரீடர் வினாடிக்கு 80 எம்பி வேகத்தில் படித்தால் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். யூடெவ் ஒரு நிகழ்வுக்குக் கொடுக்கும் நேரம் வழக்கமாக 180 வினாடி. அதற்குள் 15 ஜிபி கூடப் போய்ச் சேராது. பின்னணிக்குத் தள்ளிவிட்டுத் தப்பலாம் என்றாலும் விடாது. நிகழ்வு முடிந்ததும் அதிலிருந்து பிறந்த புரோசஸ்கள் எல்லாவற்றையும், பிரிந்து போனவற்றையும் சேர்த்து, யூடெவ் கொன்றுவிடும். மவுண்ட் செய்வதும், அதாவது கார்டின் கோப்புகளைக் கணினியில் திறந்து காட்டுவதும், சரிவராது. யூடெவ் தனிக் கூட்டுக்குள் ஓடுவதால் அங்கே மவுண்ட் மறுக்கப்படும், அல்லது செய்தாலும் வெளியே உள்ளவர்களுக்குத் தெரியாது. நெட்வொர்க் பக்கமும் கதவு மூடித்தான் இருக்கும். அதோடு ரன்னுக்குள் ஷெல், அதாவது டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்து ஓட்டும் நிரல், கிடையாது. முழுப் பாதை கொடுக்க வேண்டும். பைப்போ, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவதோ வேலை செய்யாது. டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட் விதிக்குள் போனதும் சத்தமில்லாமல் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

யூடெவ்வை வாசலில் உள்ள அழைப்பு மணியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆள் வந்திருக்கிறார் என்று அது சொல்லட்டும்; உள்ளே கூட்டி வந்து உட்கார வைப்பது சிஸ்டம்டியின் வேலை.

அதற்கு எழுதும் சர்வீஸ் யூனிட் கோப்புதான் முழு வேலையின் நெஞ்சு. "படம்" என்று பெயர் வைத்து, பின்னால் அட் குறி போட்டு வார்ப்பாக எழுதினேன். எந்தப் பார்ட்டிஷன் வந்ததோ அதன் பெயர் அட் குறிக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் கார்ட் இருந்தால் இரண்டு சர்வீஸ்கள் தனித்தனியே ஓடும். அதற்குள் மூன்று விடயங்கள் முக்கியம்.

வகை "வன்ஷொட்": ஒருமுறை ஓடி முடியும் வேலை. இந்த வகைக்குத் தொடக்க நேர வரம்பு வழக்கமாக இல்லை, ஆகவே கொப்பி எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். அடுத்து "ரிமெயின் ஆஃப்டர் எக்ஸிட்" என்பதை "யெஸ்" என்று வைத்தேன். கொப்பி முடிந்த பிறகும் சர்வீஸ் உயிரோடு இருப்பதாக சிஸ்டம்டி கணக்கில் வைத்திருக்கும். மூன்றாவது "பைண்ட்ஸ் டு". சர்வீஸை அந்தச் சாதனத்தின் டிவைஸ் யூனிட்டோடு (சாதனம் இருப்பதற்கு சிஸ்டம்டி வைக்கும் கணக்கு) இது கட்டிவிடுகிறது. சாதனம் போனால் சர்வீஸும் போகும்.

இந்த மூன்றும் சேர்ந்ததும் கழற்றுவதற்கென்று தனி விதி எழுதும் தேவையே இல்லாமல் போனது. கார்ட் கழன்றதைக் கர்னல் கண்டதும் டிவைஸ் யூனிட் செத்துவிடும். அதோடு கட்டிய சர்வீஸை சிஸ்டம்டி நிறுத்தும். நிறுத்தும்போது "எக்ஸெக் ஸ்டொப் போஸ்ட்" என்ற வரியில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும். வெறும் "எக்ஸெக் ஸ்டொப்" என்று எழுதினால் போதாது. தொடக்கம் வெற்றியாக முடிந்திருந்தால் மட்டுமே அது ஓடும். நமக்கு வேண்டியது பாதியில் பிடுங்கிய கார்டைப் பிடிப்பது. போஸ்ட் என்று முடியும் வரி எப்படிச் செத்தாலும் ஓடும். அந்த ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் பார்க்கிறது: கொப்பி முடிந்ததற்கு அடையாளமாக வைக்கும் சின்னக் கோப்பு இருக்கிறதா? இருந்தால் இரண்டு விளக்கையும் அணைத்துவிட்டு அமைதியாக இருக்கும். இல்லாவிட்டால் அந்தத் துளையின் சிவப்பு விளக்கை மின்ன விடும். கார்டைத் திரும்பக் குத்தும் வரை நிறுத்தாது.

இந்த வழி பிடிக்காதவர்கள் யூடெவ் விதியிலேயே "ரிமூவ்" நிகழ்வைப் பிடிக்கலாம், ஆனால் ஒரு கவனம் வேண்டும். செருகும்போது ஆட்டர், ஆட்டர்ஸ் என்று எழுதிப் பொருத்துகிற பண்புகள் எல்லாம் சிஸ்எஃப்எஸ்ஸிலிருந்து, அதாவது சாதன விவரங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் இடத்திலிருந்து, படிக்கப்படுபவை. சாதனம் போய்விட்டால் அந்தக் கோப்புகளும் போய்விடும். படிக்க ஒன்றும் மிச்சமில்லை, விதி பொருந்தாது. கழற்றும் விதியில் யூடெவ் தன் தரவுத்தளத்தில் நினைவு வைத்திருக்கும் மாறிகளை, ஐடி என்று தொடங்குபவற்றை, என்வ் என்ற சொல்லால் பொருத்த வேண்டும். "செருகினால் ஓடுது, கழட்டினால் ஓடல்ல" என்ற முறைப்பாட்டுக்கு ஆணிவேர் பெரும்பாலும் இதுதான்.

கொப்பி ஸ்கிரிப்ட் நீளமில்லை, என்றாலும் ஒவ்வொரு படிக்கும் காரணம் வைத்து எழுதினேன். முதலில் சிவப்பு விளக்கு. பிறகு கார்டைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்கிறது. அதிலுள்ள எதையும் நிரலாக ஓட விடாத தெரிவுகளையும் சேர்த்து. டிசிஐஎம் என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்க்கிறது. கமராக்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் படங்களை வைக்கும். இல்லாவிட்டால் அது கமரா கார்ட் அல்ல, தொடாமல் விட்டுவிடும். ஆர்சிங்க் என்ற கொப்பிக் கட்டளை மூலம் கொப்பி. ஆர்சிங்க்கைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அது ஒவ்வொரு கோப்பையும் மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும். நடுவில் கார்டைப் பிடுங்கினாலும் பாதிப் படம் ஒன்று முழுப் படம் போல நடித்துக்கொண்டு கோப்புறையில் கிடக்காது.

அப்புறம் சரிபார்ப்பு. கொப்பி முடிந்த கையோடு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் கார்டின் தரவு இன்னும் நினைவகத்தில் இருக்கும். கார்டைத் திரும்பப் படிக்காமல் நினைவில் உள்ளதையே எடுத்துக் காட்டி எல்லாம் சரி என்றுவிடும். அதனால் எழுதாமல் மிச்சமுள்ளதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையைக் கொடுத்து, கார்டை அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து, அதன் பிறகே செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வைத்து ஒப்பிடுகிறது. நேரம் கூடுதலாக ஆகும். பெடியள் தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அடங்குகிறது. ஒப்பீடு சரி என்றால் அன்மவுண்ட், அடையாளக் கோப்பு, பச்சை. கார்டில் உள்ளதை ஸ்கிரிப்ட் ஒருபோதும் அழிப்பதில்லை. அழிக்கும் கை மனிதக் கையாகவே இருக்கட்டும் என்று அண்ணாவும் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

விளக்குப் போர்ட்டுக்கு வருவோம். இந்த மலிவான நானோக்களில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்குப் பொதுவாகத் தொடர் எண் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு போர்ட் இருந்தால் எது எது என்று சிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எங்களிடம் ஒன்றுதான் என்றாலும் அதையும் செருகியிருக்கும் யூஎஸ்பி வாயைப் பார்த்தே பிடித்தேன். விதியில் சிம்லிங்க் என்ற சொல்லால் "விளக்கு" என்று ஒரு பெயர் வைத்தால் போதும். டிடிவை யூஎஸ்பி 0, 1 என்று எந்த எண்ணில் வந்தாலும் அந்தப் பெயர் மாறாது. உபுண்டு 22.04இல் இதே சிப்பைப் போட்டவர்களுக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருளின் யூடெவ் விதி, இந்தச் சிப்பின் எண்ணைப் பார்த்ததும் பிரெய்ல் திரை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். சீரியல் வாய் தோன்றி உடனே மறைந்துவிடும். ஒரே சிப்பைப் பலர் பல பொருட்களில் வைப்பதால் வரும் சிக்கல். வீட்டில் யாருக்கும் அந்த மென்பொருள் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். தேவை என்றால், அந்த விதிக் கோப்பை அதே பெயரில் ஈடிசிக்குள் கொப்பி எடுத்து, இந்தச் சிப்பின் வரியை மட்டும் விலக்கலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் ஈடிசியில் உள்ளதற்கே முதலிடம்.

நானோவுக்கு இன்னொரு குணம்: சீரியல் வாயை ஒருவர் திறந்தவுடன் அது ரீசெட் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் வாயைத் திறந்து மூடினால் மற்றத் துளையின் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் வாயைத் திறந்தபடியே வைத்திருக்கும் சின்ன சர்வீஸ் ஒன்றை எழுதினேன். கொப்பி ஸ்கிரிப்டுகள் ஒரு பைப் கோப்பில் எழுதுவதை அது வாங்கி நானோவுக்குக் கொடுக்கும். அதோடு வினாடிக்கு ஓர் எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 5 வினாடி எதுவும் வராவிட்டால் நானோ தானாகவே பச்சையை அணைக்கும். கணினி உறைந்துபோய்ப் பச்சை மட்டும் எரிந்துகொண்டிருந்தால் அதை நம்பி யாராவது கார்டை ஃபோர்மாட் செய்துவிடுவார்கள். அது நடக்கவே கூடாது.

கடற்கரையில் வைக்கும் எதற்கும் உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். யூஎஸ்பி வாயின் தகடுகளில் மங்கல் படிந்தால் சாதனம் தானாகக் கழன்று தானாக வந்து சேரும். கர்னல் பதிவில் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரிகள் அடிக்கடி வந்தால் ஸ்கிரிப்டைக் குற்றம் சொல்ல முன்பு வாயைப் பார்க்க வேண்டும். ரீடரைக் குட்டையான நீட்டு வயரில் போட்டு வைத்தோம். தேய்வதும் துருப்பிடிப்பதும் அந்த மலிவான வயரோடு போகட்டும் என்று. கணினி உள் அறையில், கொம்பிரஸரிலிருந்து தள்ளி. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 3 வினாடி பொறுத்து, சாதனம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மவுண்ட் செய்கிறது. தடுமாறும் வயருக்கும், கார்டைப் பாதி செருகித் திரும்ப எடுக்கும் கைக்கும் இந்தப் பொறுமை போதும்.

மாலையில் எல்லாப் படங்களும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போக வேண்டும். அண்ணா அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். இதற்கு யூடெவ் விதி எதுவும் எழுதவில்லை. அந்த டிஸ்க் ஈஎக்ஸ்டி4இல் இருக்கிறது, அதன் யூயூஐடி மாறாது. டிஸ்க்குகளை எல்லாம் சிஸ்டம்டி ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருப்பதால், சர்வீஸின் இன்ஸ்டோல் பகுதியில் "வான்டட் பை" என்று அந்த டிஸ்க்கின் டிவைஸ் யூனிட் பெயரைப் போட்டு இயக்கினாலே போதும். பெயரில் கோடுகள் வரும் இடத்தில் விசித்திரமான குறிகள் வரும். கையால் எழுத வேண்டாம், சிஸ்டம்டி எஸ்கேப் என்ற கட்டளையே எழுதித் தரும். கொப்பி முடிந்ததும் யூடிஸ்க்ஸ் கட்டளை டிஸ்க்கின் மின்சாரத்தை நிறுத்துகிறது. சுற்றும் சத்தம் அடங்கி, டிஸ்க்கின் சொந்த விளக்கும் அணைந்தால் கழற்றலாம். கார்டுகளை ஃபோர்மாட் செய்வது இதற்குப் பிறகுதான். படம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். கணினி எழும்பும்போது ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனங்களுக்கும் "ஆட்" நிகழ்வுகளை யூடெவ் ஒருமுறை திரும்ப ஓட்டும். ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது கார்டைக் குத்தி வைத்திருந்தாலும், வந்தவுடன் கொப்பி தொடங்கிவிடும். ஏற்கெனவே கொப்பி ஆன கார்டாக இருந்தால் அதே கோப்புறையில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டும். பயோஸில் மின்சாரம் திரும்பினால் தானாக எழும்பும் தெரிவை வைக்க மறக்க வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். செருகியதும் ஓடுவது நம் கணினியில் உள்ள நம் ஸ்கிரிப்ட். கார்டில் உள்ள எதுவும் அல்ல. இந்த வித்தியாசம் பெரியது. விண்டோஸில் பென்டிரைவில் உள்ள ஆட்டோரன் கோப்பைத் தானாக ஓட விட்ட காலத்தில், 2008இல் வந்த கொன்ஃபிக்கர் புழு அந்த வழியையும் பிடித்துத்தான் பரவியது. நம் ஸ்கிரிப்ட் ரூட் (கணினியில் முழு அதிகாரமுள்ள பயனர்) உரிமையில் தொடங்குவதால் அதை ரூட் தவிர வேறு யாரும் திருத்த முடியாதபடி வைக்க வேண்டும். மவுண்டை மட்டும் ரூட்டாகவும் கொப்பியைச் சாதாரணப் பயனராகவும் ஓட்டுவது இன்னும் நல்லது. ஆப்பிள் மெக்கில் இதே வேலையைச் செய்ய, அங்கே சர்வீஸ்களை ஓட்டும் லோஞ்ச்டியில் ஸ்டார்ட் ஓன் மவுண்ட் என்று ஒரு தெரிவு இருக்கிறது. எந்த வொலியூம் வந்தாலும் ஓடும் என்பதால், எது வந்தது என்று ஸ்கிரிப்ட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அண்ணா அடுத்ததைக் கேட்கிறார்: டைவர்களின் கையில் உள்ள டைவ் கொம்பியூட்டரின் ஆழக் கணக்கும் தன்பாட்டுக்கு இறங்க வேண்டுமாம். அதற்கு சப்சர்ஃபேஸ் என்ற நல்ல மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் கர்னலை எழுதிய லினஸ் டோர்வல்ட்ஸே 2011இல் தொடங்கியது. சிக்கல் வயரில். இவர்களிடம் உள்ள வயர்களில் சீரியல் சிப் வயரிலேயே இருக்கிறது. வயரைக் கணினியில் செருகும்போதுதான் யூடெவ்வுக்கு நிகழ்வு வரும்; மறுமுனையில் டைவ் கொம்பியூட்டரை மாட்டும்போது ஒன்றும் வராது. விதியால் செய்யக்கூடியது, வயருக்கு நிலையான பெயர் வைத்து, சீரியல் வாய்களைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் இல்லாத பெடியளுக்கும் அதைத் திறக்க உரிமை கொடுப்பது வரைதான். தொடங்க ஒரு பொத்தான் வேண்டும். நானோவில் இன்னும் கால்கள் மிச்சம் இருக்கின்றன. ஈரக் கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.